எல்எஸ்50 மெட்டாவா, லிண்டனா? ஒரே விலையில் இரண்டு கட்சி

அமெரிக்காவில் அறிமுகமானபோது இந்த இரண்டு ஸ்பீக்கர் ஜோடிக்கும் விலை ஏறக்குறைய ஒன்றுதான். வார்ஃப்டேல் லிண்டன் ஹெரிடேஜ் 2019இல் வந்தது. அதற்கென்றே செய்த ஸ்டாண்டோடு சேர்த்து 1498 டாலர். கெஃப் எல்எஸ்50 மெட்டா 2020 செப்டம்பரில் வந்தது. ஸ்டாண்ட் இல்லாமல் 1500 டாலர். பணம் ஒன்று, பொருள் முற்றிலும் வேறு. எல்எஸ்50 மெட்டா ஒன்று 7.8 கிலோ, உயரம் ஒரு அடி கூட முழுதாக இல்லை. லிண்டன் ஒன்று 18.4 கிலோ, உயரம் 56 செ.மீ., அகலம் 30 செ.மீ. மாடிக்கு ஏற்ற இரண்டு ஆள் வேண்டும்.

விலை இப்படி ஒட்டி நின்றதால்தான் ஆடியோ பிரியர்கள் கூடும் இடத்தில் எல்லாம் இந்த வழக்கு வந்துவிடுகிறது. மைக்கை வைத்து அளந்து பார்ப்பவர்கள் கெஃப் பக்கம். பெரிய பெட்டி, நிஜ மர வெனீர் (மேலே ஒட்டிய மெல்லிய மரத் தகடு), பேஸ் என்ற கீழ் ஒலியைத் தரும் எட்டங்குல வூஃபர் என்று மயங்குபவர்கள் லிண்டன் பக்கம். முதல் கட்சி லிண்டனை ‘பழைய ஞாபகத்துக்கு விலை’ என்கிறது. இரண்டாம் கட்சி எல்எஸ்50ஐ ‘பேஸ் இல்லாத பொம்மை’ என்கிறது. இரண்டுமே பாதி உண்மை. அறையின் நீள அகலமும் உட்காரும் தூரமும் கையில் இல்லாமல் இதற்குத் தீர்ப்பு சொல்ல முடியாது. கையில் இருந்தால் தீர்ப்பு சொல்ல ஐந்து நிமிடம் போதும்.

முதலில் கெஃப். ரேமண்ட் குக் 1961இல் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் தொடங்கிய நிறுவனம். 1970களில் பிபிசி தன் வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளுக்காக எல்எஸ்3/5ஏ என்ற குட்டி மானிட்டர் ஸ்பீக்கரை வடிவமைத்தபோது, அதற்குள் இருந்த வூஃபரும் மேல் ஒலிக்கான ட்வீட்டரும் கெஃப் செய்தவைதான். கெஃப்பின் ஐம்பது ஆண்டு நிறைவையொட்டி அந்தக் குட்டிக்கு மரியாதையாக 2012இல் எல்எஸ்50 வந்தது. மெட்டா அதன் திருத்திய பதிப்பு.

இதன் உயிர் யூனி-க்யூ என்ற டிரைவர், அதாவது ஒலியை எழுப்பும் பாகம். 1988 முதல் கெஃப் இதை வளர்த்துவருகிறது. மெட்டாவில் இருப்பது 12ஆம் தலைமுறை. 5.25 அங்குல மக்னீசியம்-அலுமினியக் கூம்பு. அதன் நட்டநடுவில் 25 மி.மீ. அலுமினிய ட்வீட்டர். இரண்டும் ஒரே புள்ளியிலிருந்து பேசுவதுபோல அமைத்திருக்கிறார்கள். சாதாரண ஸ்பீக்கரில் வூஃபர் கீழே, ட்வீட்டர் மேலே இருக்கும். இரண்டும் சேர்ந்து பாடும் அலைவரிசையில் நீங்கள் எழுந்து நின்றாலோ தரையில் சாய்ந்தாலோ இரண்டுக்கும் காதுக்கும் உள்ள தூரம் மாறி, குரலில் ஒரு பள்ளம் விழும். யூனி-க்யூவில் அந்தப் பள்ளம் இல்லை. வூஃபரும் ட்வீட்டரும் வேலையைப் பிரித்துக்கொள்ளும் கிராஸ்ஓவர் 2.1 கிலோஹெர்ட்ஸ். அதற்கு மேலும் கீழும் ஒலி பக்கவாட்டில் பரவும் கோணம் திடீரென்று மாறுவதில்லை என்பதால், சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியும் நேரே வரும் ஒலியின் சாயலிலேயே இருக்கிறது. அளப்பவர்கள் கட்சி கெஃப்பைக் கொண்டாடுவதற்கு முக்கியக் காரணம் இதுதான். நியாயமான காரணம்.

பெயரில் உள்ள ‘மெட்டா’ என்பது ட்வீட்டருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் ஒரு வட்டத் தகடு. சுமார் 11 மி.மீ. கனம்தான். அதற்குள் சுற்றிச் சுற்றி வளையும் 30 குழாய்கள், ஒவ்வொன்றும் வேறு நீளம். ட்வீட்டரின் குவிந்த மூடியான டோம் முன்னால் தள்ளும் அளவுக்குப் பின்னாலும் காற்றைத் தள்ளுகிறது. அந்தப் பின் ஒலி எங்காவது முட்டித் திரும்பி, டோம் வழியாகவே கசிந்து முன்னால் வந்தால் மேல் ஸ்தாயி கரகரக்கும். ஒவ்வொரு குழாயும் தன் நீளத்துக்கு ஏற்ற ஒரு சிறு அலைவரிசைப் பட்டையை விழுங்குகிறது. 30 சேர்ந்தால் சுமார் 620 ஹெர்ட்ஸுக்கு மேல் எல்லாம் அடைபட்டுப் போகிறது. 99 சதவீதம் உறிஞ்சுகிறது என்பது நிறுவனத்தின் கணக்கு.

இங்கேதான் கொஞ்சம் நிதானம் வேண்டும். பழைய எல்எஸ்50இல் 2 கிலோஹெர்ட்ஸ் ஒட்டி ஒரு சின்ன மேடு இருந்தது. பெண் குரலும் வயலினும் சில பதிவுகளில் ஒரு படி முன்னால் வந்து நின்றதற்கு அதுவும் காரணம். மெட்டாவில் அந்த மேடு தணிந்திருக்கிறது. ஆனால் தகடு மட்டும் புதிதல்ல. டிரைவரும் புதிது, கிராஸ்ஓவரும் புதிது. காதுக்குத் தெரியும் வித்தியாசத்தில் தகட்டின் பங்கு எவ்வளவு, கிராஸ்ஓவரின் பங்கு எவ்வளவு என்று வெளியிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. ‘மெட்டா மெட்டீரியல்’ என்ற சொல்லுக்காகப் பழைய எல்எஸ்50ஐ அவசரமாக விற்றுவிட்டு ஓட வேண்டாம். முதல் தடவை வாங்குபவர் மெட்டாவையே வாங்கலாம்.

பெட்டியிலும் சோம்பல் இல்லை. முன்பலகை தட்டையாக இல்லாமல் வளைந்திருக்கிறது. விளிம்பில் ஒலி சிதறுவது அதனால் குறைகிறது. உள்ளே குறுக்குச் சட்டங்கள், அவற்றுக்கும் சுவருக்கும் இடையே அதிர்வை விழுங்கும் மெத்தை. விரலை மடக்கிப் பக்கவாட்டில் தட்டிப் பாருங்கள்: ‘டொக்’ என்று வறண்ட சத்தம்தான் வரும், எதிரொலி வராது. இதே தட்டலை லிண்டனில் தட்டினால் கொஞ்சம் ஆழமாக, கொஞ்சம் நீளமாகப் பதில் வரும். பெரிய பலகை என்றால் அப்படித்தான்.

லிண்டன் என்ற பெயர் 1965இலிருந்து இருக்கிறது. வார்ஃப்டேல் அதைவிடப் பழசு: கில்பர்ட் பிரிக்ஸ் 1932இல் யார்க்‌ஷயரில் ஆரம்பித்தது. இப்போதைய லிண்டனை வடிவமைத்தவர் பீட்டர் கோமோ. (இங்கிலாந்துப் பெருமை பேசும்போது ஒன்றை மறக்க வேண்டாம்: இன்று இந்த இரண்டு ஸ்பீக்கருமே சீனாவில்தான் தயாராகின்றன. தரத்தில் அதனால் ஒரு குறையும் இல்லை.) இது மூன்று வழி ஸ்பீக்கர். 8 அங்குல கெவ்லார் (உறுதியான செயற்கை இழை) வூஃபர், 5 அங்குல கெவ்லார் மிட்ரேஞ்ச், 1 அங்குலத் துணி டோம் ட்வீட்டர். கிராஸ்ஓவர் 630 ஹெர்ட்ஸிலும் 2.4 கிலோஹெர்ட்ஸிலும். பின்னால் பேஸுக்கு உதவும் இரண்டு காற்றுத் துளைகள், அதாவது போர்ட்.

பெட்டி ஏன் இவ்வளவு பெரிது என்பதற்குப் பழைய ஞாபகம் மட்டும் பதில் ஆகாது. ஸ்பீக்கர் செய்பவர்கள் ‘ஹாஃப்மனின் இரும்பு விதி’ என்று ஒன்றைச் சொல்வார்கள்: ஆழமான பேஸ், அதிக சென்சிட்டிவிட்டி (ஒரே மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் என்பது), சிறிய பெட்டி ஆகிய மூன்றில் இரண்டைத்தான் எடுத்துக்கொள்ளலாம். வெளி அளவை வைத்துக் கணக்குப் போட்டால் எல்எஸ்50 சுமார் 17 லிட்டர், லிண்டன் சுமார் 56 லிட்டர். கெஃப் சிறிய பெட்டியைத் தேர்ந்தது; அதற்காகப் பேஸிலும் கொஞ்சம் விட்டுக்கொடுத்தது, சென்சிட்டிவிட்டியிலும் விட்டுக்கொடுத்தது. வார்ஃப்டேல் இடத்தை விட்டுக்கொடுத்து மற்ற இரண்டையும் எடுத்துக்கொண்டது. சத்தம் 3 டெசிபெல்லுக்கு மேல் விலகாமல் எல்எஸ்50 இறங்குவது 79 ஹெர்ட்ஸ் வரை, லிண்டன் 40 ஹெர்ட்ஸ் வரை. ஏறக்குறைய முழு ஸ்தாயி வித்தியாசம்.

பேஸ் கிதாரின் அடித் தந்தி 41 ஹெர்ட்ஸ். எல்எஸ்50 அதை முழுசாகத் தராது. ஆனாலும் கேட்பவருக்கு அந்த ஸ்வரம் எது என்று தெரிந்துவிடும். ஏனென்றால் அதன் இரண்டாம், மூன்றாம் மடங்குகளான 82, 123 ஹெர்ட்ஸ் வந்துவிடுகின்றன, மிச்சத்தை மூளை நிரப்பிக்கொள்கிறது. நிரப்ப முடியாதது எடை. சினிமாப் பாட்டில் கிக் டிரம் விழும்போது லிண்டனில் நெஞ்சில் ஒரு தள்ளல் தெரிகிறது. எல்எஸ்50இல் அடி விழுந்தது தெரிகிறது, தள்ளல் இல்லை. மிருதங்கத்தில் இன்னும் தெளிவாகப் பிரியும்: வலது பக்கமான வலந்தலையின் சாப்பும் அரைச்சாப்பும் எல்எஸ்50இல் தோலின் எந்த இடத்தில் விரல் பட்டது என்று சொல்லும் அளவுக்குக் கூர்மை, இடது பக்கமான தொப்பியில் உள்ளங்கையை இழுத்து வரும் கும்கி லிண்டனில்தான் உருண்டு வரும், எல்எஸ்50இல் மெலிந்து வரும். தம்பூராவுக்கு எதிர்த் தீர்ப்பு. ஜீவா (பாலத்தில் தந்திக்கு அடியில் வைக்கும் நூல்) ஏறிய தந்தியிலிருந்து மடங்கு ஸ்வரங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பி மேலே போவதை எல்எஸ்50 தனித்தனியாகக் காட்டுகிறது. லிண்டனில் அவை ஒரு பொன்னிறக் கூட்டமாகச் சேர்ந்து ஒலிக்கின்றன. இனிமை குறைவில்லை, விவரம் குறைவு. நாகஸ்வரத்துக்கு என்னைக் கேட்டால் லிண்டன்தான். அந்த வாத்தியத்தை உரக்கப் பாட ஸ்பீக்கருக்கு மூச்சு வேண்டும்.

குரலில் லிண்டனுக்கு ஒரு குறை உண்டு, அதன் ரசிகர்கள் இதை ஒத்துக்கொள்வதில்லை. கிராஸ்ஓவர் 630 ஹெர்ட்ஸ் என்பதால் பாடகரின் ஸ்ருதி எட்டங்குல வூஃபரிலிருந்தும், சொற்களின் தெளிவு மிட்ரேஞ்சிலிருந்தும் வருகிறது. இரண்டு கூம்பும் ஒரே கெவ்லார் என்பதால் தையல் பெரும்பாலும் தெரியாது. 2 மீட்டருக்குள் உட்கார்ந்தால் தெரியும்: குரல் உயரவாக்கில் கொஞ்சம் நீண்டு, பாடகருக்கு இரண்டு வாய் இருப்பதுபோல. மேஜையில் வைத்துக் கேட்க லிண்டன் உதவாது. எல்எஸ்50 ஒரு மீட்டர் தூரத்திலும் ஒரே வாய்.

கிரில் விஷயம்: லிண்டனைக் கிரில் மாட்டியே கேட்க வேண்டும். துணி மூடினால் சத்தம் மங்கும் என்று கழற்றி வைப்பவர்கள் உண்டு. ஆனால் இதில் கிரில்லின் சட்டம் முன்பலகை விளிம்பில் ஒலி சிதறுவதைத் தணிக்கும்படி சேர்த்து வடிவமைத்தது. கழற்றினால் மேல் பகுதி கொஞ்சம் கரடாகும். எல்எஸ்50 மெட்டாவோ கிரில் இல்லாமல் வருகிறது. ட்வீட்டருக்கு முன் உள்ள இதழ் போன்ற பாதுகாப்பு முழு மூடி ஆகாது. வீட்டில் மூன்று வயதுக் குழந்தையின் ஆள்காட்டி விரல் இருந்தால் அந்த நடுப்புள்ளியைத் தேடித்தான் வரும். அலுமினிய டோம் ஒரு தடவை நசுங்கினால் நசுங்கியதுதான். கிரில்லைத் தனியாக வாங்கி மாட்டுங்கள், அழகு கெட்டாலும் பரவாயில்லை.

ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) எவ்வளவு வேண்டும்?

அட்டையில் போட்டிருக்கும் சென்சிட்டிவிட்டி எல்எஸ்50 மெட்டாவுக்கு 85 டெசிபெல், லிண்டனுக்கு 90. ஐந்து டெசிபெல் வித்தியாசம் என்றால் மூன்று மடங்கு வாட் என்று கடைக்காரர் சொல்வார். அப்படி இல்லை. இந்த அளவு 2.83 வோல்ட்டில் எடுத்தது. 8 ஓம் (மின்தடை) என்று போட்டிருக்கும் எல்எஸ்50க்கு அது 1 வாட். 6 ஓம் என்று போட்டிருக்கும் லிண்டனுக்கு 1.33 வாட். அதைக் கழித்தால் உண்மை வித்தியாசம் 3.75 டெசிபெல், அதாவது சுமார் 2.4 மடங்கு.

3 மீட்டர் தூரத்தில் உட்கார்ந்து, உச்சத்தில் 95 டெசிபெல் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு இது நல்ல சத்தம். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டும் அளவு. தூரத்தால் 9.5 குறையும், இரண்டு ஸ்பீக்கர் என்பதால் 3 கூடும், அறையின் எதிரொலியால் தோராயமாக இன்னொரு 3 கூடும். கணக்குப் போட்டால் எல்எஸ்50க்கு ஒவ்வொரு சேனலிலும் 22 வாட், லிண்டனுக்கு 9 முதல் 10 வாட். இரட்டிப்பு மிச்சம் வைத்தால் முதலாவதுக்கு 50 வாட் ஆம்ப், இரண்டாவதுக்கு 20 முதல் 25 வாட். எல்எஸ்50க்கு கெஃப் சொல்வதும் 40 முதல் 100 வாட்தான். ‘200 வாட் இல்லாமல் உயிர் வராது’ என்று விற்பவரிடம் ஏமாற வேண்டாம்.

வாட்டை விட ஓம் முக்கியம். இரண்டுமே சில அலைவரிசைகளில் 3.5 ஓம் வரை இறங்குகின்றன. ஆம்ப்பின் கையேட்டில் 4 ஓமுக்கும் வாட் எண் கொடுத்திருக்கிறதா என்று பாருங்கள். 8 ஓமுக்கு மட்டும் எண் போட்டு, 4 ஓம் பற்றி வாய் திறக்காத மலிவு ஆம்ப் கோடைக்கால மாலையில் சூடேறி அணைந்துபோகும்.

எல்எஸ்50இன் சத்த வரம்பை ஆம்ப் தீர்மானிப்பதில்லை, கூம்பின் ஓட்டம் தீர்மானிக்கிறது. ஒரே சத்தத்துக்கு அலைவரிசை பாதியானால் கூம்பு நான்கு மடங்கு தூரம் ஆட வேண்டும். லிண்டனின் எட்டங்குலக் கூம்புக்கு எல்எஸ்50இன் கூம்பைவிடக் குறைந்தது இரண்டரை மடங்கு பரப்பு இருப்பதால் அது அந்த அளவுக்கு ஆட வேண்டியதில்லை. அதோடு யூனி-க்யூவில் ட்வீட்டருக்கு வழிகாட்டும் குழலே அந்தக் கூம்புதான். அது பேஸுக்காக முன்னும் பின்னும் துள்ளும்போது மேல் ஸ்தாயியும் லேசாகக் கலங்கும். எலக்ட்ரானிக் பேஸ் உள்ள பாட்டைச் சத்தமாக வைத்தால் பாடகியின் குரல் நடுங்குவதுபோல் கேட்கிறதா? அது ஸ்பீக்கர் கெட்டதால் அல்ல. சத்தத்தைக் குறையுங்கள், அல்லது பேஸை அதனிடமிருந்து வாங்கிவிடுங்கள்.

அப்படி வாங்க, பேஸுக்கு மட்டும் தனிப் பெட்டியான சப்வூஃபர் வேண்டும். அதை வைப்பதிலும் ஒரு தவறு பரவலாக நடக்கிறது: ஸ்டீரியோ ஆம்ப்பின் சப் அவுட்டிலிருந்து வயரைச் செருகி, சப்பின் திருகை 80இல் நிறுத்திவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பது. அப்படிச் செய்தால் சப் கூடுதலாகச் சேர்கிறதே தவிர, எல்எஸ்50க்குப் போகும் பேஸ் அப்படியே போகிறது. கூம்பு அதே ஆட்டம் ஆடுகிறது. எல்எஸ்50க்குப் போகும் சிக்னலிலும் 80 அல்லது 90 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்ட வேண்டும். ஹோம் தியேட்டருக்கான ஏவி ரிசீவரில் ஸ்பீக்கரை ‘ஸ்மால்’ என்று அமைத்தால் இது தானாக நடக்கும். ஸ்டீரியோ ஆம்ப் என்றால் இப்படி வெட்டும் ஹை-பாஸ் வசதி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ஒழுங்காக வெட்டிய எல்எஸ்50 மெட்டா வேறு ஸ்பீக்கர்: அதே சத்தத்தில் குரல் தெளிந்து, இன்னும் 5, 6 டெசிபெல் ஏற்றலாம்.

நம் அறையில் என்ன ஆகும்

வெளிநாட்டு மதிப்புரைகளில் பல மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்த வீடுகளில் எழுதப்பட்டவை. அந்தச் சுவர் பேஸில் ஒரு பங்கைத் தானும் அதிர்ந்து விழுங்கும், ஒரு பங்கை அடுத்த அறைக்கு விடும். செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும் விட்டிரிஃபைட் டைலும் கொண்ட நம் வீட்டில் பேஸ் எங்கும் போகாது, உள்ளேயே சுற்றும். எனவே ‘லிண்டனின் பேஸ் அளவாக இருக்கிறது’ என்று அங்கே எழுதியதை இங்கே அப்படியே நம்ப முடியாது.

10க்கு 12 அடி படுக்கையறை, 10 அடி உயரம். எத்தனையோ வீடுகளில் இதுதான் ஆடியோ அறை. 10 அடி அகலத்துக்கு அறை தானே முழங்கும் அலைவரிசை 56 ஹெர்ட்ஸ். உயரமும் 10 அடி என்பதால் அதற்கும் 56. இரண்டும் ஒரே இடத்தில் ஏறி உட்காருகின்றன. 12 அடி நீளத்துக்கு 47. லிண்டன் 40 வரை முழுசாக இறங்குவதால் இந்த மூன்று முழக்கத்தையும் கிளப்பிவிடும். ஒரு ஸ்வரம் மட்டும் பூதம்போல் எழும், அடுத்த ஸ்வரம் காணாமல் போகும். எல்எஸ்50 அந்த இடத்துக்கு வரும் முன்பே சரியத் தொடங்கிவிடுகிறது. அந்தச் சரிவை அறையின் முழக்கம் ஓரளவு நிரப்புகிறது. காகிதத்தில் குறையாகத் தெரிந்த 79 ஹெர்ட்ஸ் இந்த அறையில் வரம். இந்த அளவு அறைக்கு லிண்டனைப் பரிந்துரைக்கவே மாட்டேன், ஸ்டாண்ட் இலவசம் என்றாலும்.

20 அடி ஹால், ஒரு பக்கம் சாப்பாட்டு இடத்துக்குத் திறப்பு, சோஃபா 3.5 மீட்டர் தள்ளி என்றால் கணக்கு தலைகீழ். அங்கே எல்எஸ்50 தனியாக நின்று திணறும். சத்தம் வரும், உடம்பு வராது. லிண்டன் அந்த ஹாலுக்காகவே பிறந்தது.

வைக்கும் முறை. பின்சுவரிலிருந்து கூம்பு 60 செ.மீ. தள்ளி இருந்தால், சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி 143 ஹெர்ட்ஸில் நேர் ஒலியை அடித்துப் பள்ளம் போடும். ஒரு மீட்டர் என்றால் அந்தப் பள்ளம் 86க்கு இறங்கும். ஆண் குரலின் அடிப்பகுதி வெறுமையாகக் கேட்டால் ஆம்ப்பை மாற்றும் முன் இந்த தூரத்தை 15 செ.மீ. முன்பின் நகர்த்திப் பாருங்கள். பக்கச்சுவர் தூரமும் பின்சுவர் தூரமும் ஒன்றாக இருக்கக் கூடாது. இரண்டு பள்ளமும் ஒரே இடத்தில் விழும். இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் 2 முதல் 2.5 மீட்டர், கேட்பவருக்கும் அதே அளவு. ஸ்பீக்கரின் முகத்தைக் காதுக்கு நேராக முழுதும் திருப்பாமல், இரண்டின் நேர்கோடும் தலைக்குப் பின்னால் ஒரு முழம் தள்ளிச் சந்திக்கும்படி வைத்துத் தொடங்குங்கள். எல்எஸ்50க்கு 60 செ.மீ. ஒட்டிய உயரமுள்ள கனமான ஸ்டாண்ட். ட்வீட்டர் காது உயரத்துக்கு வர வேண்டும். டைல் தரையில் ஸ்டாண்ட் ஆடினால் ஒரு காலுக்கு அடியில் ரப்பர் துண்டு வையுங்கள்.

கை தட்டிப் பாருங்கள். ‘டிர்ர்ர்’ என்று உலோகச் சத்தம் திரும்பினால் எதிரெதிர் வெறும் சுவர்கள் ஒலியைப் பந்தாடுகின்றன. ஸ்பீக்கருக்கும் நாற்காலிக்கும் இடையே தரையில் கனமான விரிப்பு வேண்டும். ஒற்றை ஜமக்காளம் மிக மேல் ஸ்தாயியை மட்டும் தணிக்கும், அதை நான்காக மடித்துப் போட்டால் கொஞ்சம் பரவாயில்லை. பக்கச்சுவரில் ஒருவர் கண்ணாடியைப் பிடித்து நகர்த்த, நாற்காலியிலிருந்து ட்வீட்டர் எந்த இடத்தில் தெரிகிறதோ அங்கே புத்தக அலமாரியோ கனத்த திரையோ வர வேண்டும். எல்எஸ்50 பக்கவாட்டில் ஒழுங்காகப் பரப்புவதால் இந்த விஷயத்தில் கொஞ்சம் மன்னிக்கும்.

லிண்டனை ஏற்கெனவே வாங்கிவிட்டு முழக்கத்தில் அவதிப்படுபவர்கள் பின் போர்ட்டில் ஒன்றில் மட்டும் நுரையை உருட்டிச் செருகிப் பாருங்கள். நுரை கிடைக்காவிட்டால் சுத்தமான சாக்ஸ் போதும். அதற்கும் அடங்காவிட்டால் மைக்கும், ரூம் ஈக்யூ விஸார்ட் என்ற இலவச மென்பொருளும் கொண்டு அளந்து, எழும்பி நிற்கும் அந்த ஓர் அலைவரிசையை மட்டும் ஈக்யூவில் (ஈக்வலைஸர்) வெட்டலாம். பள்ளத்தை ஈக்யூவால் நிரப்ப முயல வேண்டாம். ஆம்ப்தான் மூச்சு வாங்கும்.

கேபிளுக்கு எலெக்ட்ரிக் கடையில் கிடைக்கும் 2.5 சதுர மி.மீ. செப்பு மல்டிஸ்ட்ராண்ட் வயர் போதும். 3 மீட்டருக்குப் போக வர மின்தடை 0.05 ஓம் கூட இல்லை. நுனியைச் சீவிய பிறகு ஒரு இழை கூட வெளியே நீட்டிக்கொண்டு எதிர்முனையைத் தொடக் கூடாது. அதுதான் ஆம்ப்பைக் கொல்லும். பிளஸ், மைனஸ் ஒரு பக்கம் மட்டும் மாறினால் குரல் நடுவில் நிற்காமல் அறை முழுக்கப் பரவும், பேஸ் ஒல்லியாகும். புது ஸ்பீக்கரைப் பற்றி வரும் சில புகாருக்குக் காரணம் இந்த வயர் மாற்றம்தான்.

பணக் கணக்கு இப்போது வேறு மாதிரி தெரியும். லிண்டன் ஸ்டாண்டோடு வந்தால், அதோடு ஒரு நடுத்தர ஆம்ப் போதும், வேலை முடிந்தது. எல்எஸ்50 மெட்டாவுக்கு ஸ்டாண்ட், 50 வாட்டாவது உள்ள நல்ல ஆம்ப், பெரிய அறை என்றால் சப்வூஃபரும் ஹை-பாஸும். எல்லாம் சேர்ந்தால் லிண்டன் செட்டைப்போல ஒன்றரை மடங்குக்குக் குறையாது. அந்தப் பணத்துக்கு அது லிண்டனை எல்லா வகையிலும் தாண்டும், தும்பிக்கைபோல் நீளும் பட்ஜெட் இருந்தால். சிறிய அறையில் சப் இல்லாமலே தாண்டும். அங்கே அதுதான் மலிவு.

பழைய பாணி என்பதற்காகவே லிண்டனை ஏளனம் செய்பவர்கள் அதே பாணி ஸ்பீக்கரான ஜேபிஎல் எல்100 கிளாசிக்கின் விலையைப் பார்க்க வேண்டும். 2018இல் அது 4000 டாலருக்கு வந்தது. பழைய ஞாபகத்துக்கு விலை என்றால் அதைச் சொல்லலாம். வார்ஃப்டேல் பெட்டிக்கும் வூஃபருக்கும்தான் விலை போட்டிருக்கிறது. இப்போது சூப்பர் லிண்டன் என்று விலை கூடிய ஒரு தம்பியும் வந்திருப்பதால், இந்த லிண்டனைப் பேரம் பேசி வாங்க நல்ல நேரம்.

வாங்கும் இடத்தில் கவனிக்க: லிண்டன் ஸ்டாண்டோடும் விற்கப்படுகிறது, இல்லாமலும் விற்கப்படுகிறது, விலைச்சீட்டு எதற்கு என்று முதலில் கேளுங்கள். வெனீர் நிஜ மரம், ஆகவே இரண்டு பெட்டியின் ரேகையும் நிறமும் பொருந்துகிறதா என்று வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்; வீட்டில் நேர் வெயில் படும் ஜன்னலோரம் ஒன்று மட்டும் நின்றால் சில வருடத்தில் நிறம் மாறும். எல்எஸ்50இல் டோமைக் கைபேசி டார்ச்சால் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள், பள்ளம் இருந்தால் நிழல் காட்டிக்கொடுக்கும். அதிகாரப்பூர்வ இறக்குமதியாளரின் பில் இல்லாமல் கொஞ்சம் மலிவாகக் கிடைத்தால், உத்தரவாதத்தை யார் ஏற்பார்கள் என்று எழுதி வாங்குங்கள். ‘நூறு மணி நேரம் ஓடினால் சத்தம் திறக்கும்’ என்று சொன்னால் தலையாட்டிவிட்டு, திருப்பிக் கொடுக்கும் கெடு எத்தனை நாள் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் வாரத்தில் பிடிக்காத சத்தம் நான்காவது வாரம் பிடித்தால், பெரும்பாலும் பழகியது காதுதான்.